புது லேப்டாப் வந்தும் பெட்டியைப் பிரிக்கத் தோன்றாதது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: “1998-ல் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இப்போது எண்பதாயிரம் ரூபாய் போட்டு வாங்கிய லேப்டாப் நாலு நாளாகப் பெட்டியிலேயே கிடக்கிறது, பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை கம்ப்யூட்டர்தான் சப்பென்று ஆகிவிட்டதா? இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றரை லட்சத்தில் ஒன்று எடுத்தால் அந்தப் பழைய பரபரப்பு வருமா?” கேள்விகள் மூன்று இருந்தாலும் உங்களுக்கு விடை வேண்டியிருப்பது கடைசிக் கேள்விக்குத்தான் என்று படுகிறது. பணத்தைக் கூட்டிப் போட்டால் வராது. ஏன் வராது என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆசை வருகிறதோ இல்லையோ, பெட்டியை இன்றைக்கே பிரித்து, திரையில் செத்த பிக்சல் உண்டா, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா, பேட்டரி ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியதை மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு, பத்து நாள்தான். அதைத் தாண்டிவிட்டால் சர்வீஸ் சென்டர்தான் கதி.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் இன்றுவரை பிழைப்பு. அதனால் மெஷின் பற்றிச் சொல்வதை அடித்துச் சொல்வேன். மனசு பற்றிச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் தணிந்துதான் பேச முடியும், அது என் துறை இல்லை.

முதலில் மெஷின். 1993 மார்ச்சில் இன்டெல்லின் பென்டியம் ப்ராசஸர் வந்தபோது அதன் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு). 2000 மார்ச்சில் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் ஆத்லான் 1000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல்லும் பென்டியம் 3-ல் அதே வேகத்தை அறிவித்தது. ஏழு வருஷத்தில் பதினைந்து மடங்கு. அதற்கப்புறமும் ஓட்டம் நிற்கவில்லை. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் (ஒரு கிகா என்பது 1000 மெகா), 2002 கடைசியில் 3.06, 2004 நவம்பரில் 3.8. அங்கேதான் சுவர். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிவந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கடையில் விற்கும் சில்லு ஒன்று 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது 2023-ல், அதுவும் ஒன்றிரண்டு கோர்களில் (ஒரே சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), கொஞ்ச நேரத்துக்கு மட்டும். ஏழு வருஷத்தில் பதினைந்து மடங்கு எங்கே, பத்தொன்பது வருஷத்தில் இரண்டு மடங்குகூட இல்லாதது எங்கே!

மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வேகத்தை எடைபோடக் கூடாது என்று யாராவது குறுக்கே வருவார்கள். சரிதான். 2006-ல் வந்த கோர் 2 டுவோ, 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடிக்கொண்டே 3.8 ஓடிய பென்டியம் 4-ஐ மண்ணைக் கவ்வ வைத்தது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பது அன்றிலிருந்து இன்றுவரை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மெதுவாக, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. உட்கார்ந்ததும் உடம்பு உணர்கிற பாய்ச்சல் அதில் கிடைக்காது.

ஏன் நின்றது என்பதும் தெளிவாகத் தெரிந்த விஷயம்தான். சில்லுக்குள் இருக்கும் குட்டி மின் சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு ஏறாது, வேகமும் கூடும் என்று ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் 1974-ல் எழுதினார்கள். இன்று உங்கள் ரேமில் இருக்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் நினைவக அமைப்பையும் கண்டுபிடித்தவர் இதே டென்னார்டுதான். முப்பது வருஷம் தொழில் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியது. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியவில்லை. இறக்கினால் டிரான்சிஸ்டரை முழுசாக அணைக்க முடியாமல் மின்சாரம் கசிந்து சூடேறும். 2005 வாக்கில் அந்த எல்லை வந்துவிட்டது. சிறிதாக்குவது தொடர்ந்தது, வேகம் தொடரவில்லை. பென்டியம் 4-ன் கடைசிக் காலத்து மெஷின்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தானே அணைந்துபோகிறது என்று எங்கள் கடைக்கு வந்த மெஷின்களில் பாதி அவைதான். ஃபேனில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கும், சில்லின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கில் கை வைக்க முடியாது.

வேகத்தைக் கூட்ட முடியாதவர்கள் கோர்களைக் கூட்டினார்கள். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. இதிலும் ஒரு பழைய கணக்கு குறுக்கே நிற்கிறது. ஒரு வேலையில் பாதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்றால், நீங்கள் ஆயிரம் கோர் வைத்தாலும் அந்த வேலை இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967-லேயே வைத்த வாதம் இது. வீடியோ ரெண்டரிங் மாதிரி வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். நீங்களும் நானும் வீட்டில் செய்கிற வேலை அப்படிப் பிரிவதில்லை. ஒரு வேர்டு ஃபைலைத் திறப்பதைப் பதினாறு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது.

இதுவரை சொன்னது மெஷின் கதையின் ஒரு பாதி. ஆனால் வேகம் நின்றதால் மட்டும் பரபரப்பு போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. கவுன்டரில் நின்று நான் பார்த்தது வேறு. எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. எல்லாரும் ஒரு ‘முடியவில்லை’யைக் கொண்டு வந்தார்கள். எம்பி3 பாட்டு போட்டால் திக்கித் திக்கிப் பாடுகிறது என்றார் பென்டியத்துக்கு முந்தைய 486 ப்ராசஸர் வைத்திருந்தவர். உண்மைதான், எம்பி3-யை நல்ல தரத்தில் விரித்துப் பாட 486 திணறும், பென்டியம் வேண்டும். அடுத்து, சிடியில் சினிமா பார்க்கும் விசிடி வந்தது. 486-ல் படம் பார்க்க வேண்டுமென்றால் படத்தை விரித்துக் காட்டத் தனியாக ஒரு எம்பெக் கார்டு செருக வேண்டும். நல்ல பென்டியம் இருந்தால் கார்டு இல்லாமலே ஓடும். மானிட்டரில் சினிமா ஓடுவதைப் பார்க்கத் தெருவே கூடிய காலம் அது. நாலு நிமிஷப் பாட்டு ஒன்று கிட்டத்தட்ட 4 எம்பி, ஃபிளாப்பியோ 1.44 எம்பி. ஒரு பாட்டை நண்பனுக்குக் கொடுக்க மூன்று ஃபிளாப்பியில் உடைத்து ஏற்ற வேண்டும், மூன்றில் ஒன்று கட்டாயம் காலை வாரும். சிடி ரைட்டர் வந்த அன்று அந்தப் பிரச்சினை செத்தது. அன்று ரைட்டர் வாங்கிய பையனுக்குத் தெருவில் இருந்த செல்வாக்கு இன்றைக்கு எந்த லேப்டாப்பும் தராது.

தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் திரையில் தமிழ் தெரிவதே ஒரு சாதனை. டிடிபி சென்டருக்கு ஒரு ஃபான்ட், பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட், ஒருவர் தட்டியது இன்னொருவருக்குக் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகுதான் தமிழ்99 விசைப்பலகை என்று ஒரு பொது ஏற்பாடு வந்தது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு, எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் வந்தது. ஒரு மெஷினில் தட்டிய தமிழ் இன்னொரு மெஷினில் அப்படியே தெரிந்ததைப் பார்த்து, எங்களிடம் வரும் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும்.

இணையமும் அப்படித்தான். 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைப்பைத் திறந்தபோது, மாணவர்களுக்கான மலிவான கணக்கில் வெறும் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. படம் வருகிற கணக்கு பணக்காரர்களுக்கு. அப்புறம் தனியார் நிறுவனங்கள் வந்தன, 56கே மோடம் வந்தது, பிராட்பேண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் நேற்றுவரை முடியாதது ஒன்று முடிந்தது. 

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அன்று உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பெட்டி இல்லை, அது அடித்துத் தள்ளிய ‘முடியாது’களின் எண்ணிக்கை. 1998-ல் வந்த ஒரு கம்ப்யூட்டர் உங்கள் வாழ்க்கையில் இருபது ‘முடியாது’களை ஒரே ராத்திரியில் அடித்திருக்கும். இப்போது வந்திருக்கும் லேப்டாப் எத்தனை அடிக்கும்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பழையதில் எல்லா வேலையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று. அப்படியென்றால் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்படிக் குதூகலம் வரும்?

கடைசியாக ஒரு பெரிய பாய்ச்சலை நான் கண்ணால் பார்த்தது, சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்தபோது. பழைய ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றும். தேவையான இடம், தகவலைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். தலை நகர இன்னும் 8, 9 மில்லிசெகண்டு. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு எழுபது, எண்பது தடவைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். அந்த ஆரஞ்சு விளக்கு மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது இதனால்தான். எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் கிடையாது, ஒரு தடவை எடுக்க 0.1 மில்லிசெகண்டு வாக்கில் ஆகும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் ஓர் எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தால், வாடிக்கையாளர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வரும். புது மெஷின் போட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டவர்கள்கூட உண்டு.

அதற்கப்புறம் வந்த, இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ-யைப் பாருங்கள். பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, முதலில் வந்த என்விஎம்இ 3500, அடுத்த தலைமுறை 7000. காகிதத்தில் பன்னிரண்டு மடங்கு. மாட்டிக் கொடுத்தால் யாரும் எதையும் கவனிப்பதில்லை. இதற்கும் காரணம் உண்டு. ஒரு நிமிஷமாக இருந்த காத்திருப்பு பதினைந்து நொடியாகக் குறைந்தால் யாருக்கும் தெரியும். பதினைந்து பன்னிரண்டானால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே இருக்கும் அளவில் கணிசமான பங்கு மாறினால்தான் மனிதனுக்கு மாற்றம் உறைக்கும் என்பது எர்ன்ஸ்ட் வெபர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டியது. பத்தில் ஒரு நொடிக்குள் திரை பதில் சொல்லிவிட்டால் நமக்கு அது உடனடியாக நடந்ததாகவே தோன்றும் என்று ராபர்ட் மில்லர் 1968-ல் எழுதினார். அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் நம் அன்றாட வேலைகளில் பாதி நுழைந்தாகிவிட்டது. இனி எவ்வளவு வேகம் கூட்டினாலும் அந்த வேலைகளில் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

வன்பொருள் மிச்சப்படுத்திக் கொடுத்ததை மென்பொருள் தின்றுவிடுகிறது என்ற புகாரும் பழசு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதை எழுதினார். இன்றைக்கு ஓர் அரட்டைச் செயலி அரை ஜிபி ரேமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு வருகிறது.

ஆனால் இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அன்று மென்பொருள் தின்றதுகூடப் பரபரப்பைக் கூட்டத்தான் செய்தது. விண்டோஸ் 95 கேட்டது குறைந்தது 4 எம்பி ரேம், 98 கேட்டது 16, எக்ஸ்பி 64, விஸ்டா 512. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்ணுக்கே வேறாகத் தெரிந்தது. வேறாகத் தெரிந்ததற்காக மெஷினை மாற்றினார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7 குறைந்தது ஒரு ஜிபி கேட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10 கேட்டதும் அதே ஒரு ஜிபிதான். ஆறு வருஷம் ஒன்றும் நகரவில்லை. அப்புறம் 2021-ல் விண்டோஸ் 11 வந்து, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்று வாசலில் நிறுத்தியது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2017 மாடல் மெஷின்கள் இதனால் கழிக்கப்பட்டன. நீங்களும் அந்தக் கட்டாயத்தில்தான் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். வீட்டு வரி கட்டிவிட்டு வருகிறவன் ரசீதைப் பிரித்துப் பார்த்துக் குதிப்பானா?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘முடியாது’கள் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டன. கடந்த பதினைந்து வருஷத்தில் உங்களுக்குப் புதிதாக முடிந்தவை என்ன? வழி தெரியாத ஊரில் மேப் பார்த்துப் போவது, எங்கிருந்தும் பணம் அனுப்புவது, கையில் கிடைத்ததை வீடியோ எடுத்து அதே நிமிஷம் அனுப்புவது. எல்லாமே போனில் நடந்தவை. 2016-ல் யுபிஐயும் வந்தது, ஜியோவும் வந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு மேஜைக் கம்ப்யூட்டர் பற்றி விசாரிக்க வந்தவர்கள் குறைந்ததை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது போனும் அதே நிலைக்கு வந்துவிட்டது, புது மாடலுக்கும் பழைய மாடலுக்கும் வித்தியாசம் கேமரா மேட்டில்தான் இருக்கிறது.

சரி, வயதுக்கு வருகிறேன். இங்கேதான் நான் தணிந்து பேச வேண்டிய இடம். மூளையைப் பற்றி இப்போது எல்லாரும், மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளைச் சொல்லி, டோபமைன் டோபமைன் என்கிறார்கள். அதில் உறுதியான பகுதி சின்னது. வோல்ஃபிராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகளில், எதிர்பாராமல் சாறு கிடைக்கும்போதுதான் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்குக்குப் பழகிய பின், அவை விளக்குக்குத் துள்ளின, சாறு வந்தபோது சும்மா இருந்தன. இதை அப்படியே லேப்டாப்புக்குப் பொருத்துவது என் ஊகம்தான். ஆனாலும் பொருந்துகிற மாதிரித் தெரிகிறது. 1998-ல் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது ஆர்டர் போடுவதற்கு முன்பே பத்து வீடியோ பார்த்து, அதன் கீல் எப்படித் திறக்கும், ஃபேன் எப்படிச் சத்தம் போடும் என்பதுவரை தெரிந்துகொண்டாகிவிட்டது. துள்ளல் அந்தப் பத்து வீடியோவில் செலவாகிவிட்டது. லேப்டாப் வரும்போது மிச்சம் ஒன்றும் இல்லை.

நினைவும் கொஞ்சம் பொய் சொல்லும். சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் பிற்காலத்தில் மற்றவற்றைவிட அதிகமாகவும் அழுத்தமாகவும் நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலில் பலமுறை உறுதியான விஷயம். உங்கள் முதல் கம்ப்யூட்டர் சரியாக அந்தக் காலத்தில் வந்திருக்கிறது. கரண்ட் போய்த் திரும்ப வந்த பிறகு, டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் நீல நிறத்தில் ஊர்ந்ததும், சவுண்டு கார்டும் மோடமும் ப்ராசஸரைக் கூப்பிடும் ஒரே ஐஆர்க்யூ தடத்துக்குச் சண்டை போட்டதும் உங்கள் நினைவில் மங்கியிருக்கும். 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 எல்லார் முன்னாலும் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது. அந்த மென்பொருள்தான் இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைய சர்வீஸ் வேலை எனக்குச் சோறு போட்டது, ஆனால் அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன்.

வயதே காரணம் என்றால், வயதானவர்களுக்கு அந்தப் பரபரப்பு வரவே கூடாது. நான் பார்த்தது அப்படி இல்லை. யாகூ மெசஞ்சரிலும் ஸ்கைப்பிலும் அமெரிக்காவில் இருக்கும் பேரனை முதல்முறை பார்த்த எழுபது வயது அம்மாக்கள் திரையைத் தொட்டுப் பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அது ஒன்றும் பெரிய மெஷின் இல்லை. எங்கள் கணக்கில் சாதாரணம். ஆனால் வீட்டில் முதல் கம்ப்யூட்டராக அதை வாங்கிப் போன பிள்ளைகள், ஸ்கிரீன்கார்டு ஒட்ட எங்களிடம் வந்தபோது அதை மடியை விட்டு இறக்கவில்லை. 2011-லும் பதினேழு வயசுப் பையன்கள், ஏற்கெனவே வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்த பையன்கள், சலித்துக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். இருப்பதற்கும் வருவதற்கும் உள்ள தூரம்தான் பெரிதாக வேலை செய்கிறது, வயது அதில் சின்னப் பங்கு. இது ஆய்வு இல்லை, கடைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த ஒருவனின் கணிப்பு. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பும் கைவேலையும் போனதால்தான் சுவை போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அன்று ஒரு கம்ப்யூட்டர் என்றால் நாற்பது, ஐம்பதாயிரம். நடுத்தரக் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம். வீடே கூடி முடிவெடுக்கும், வந்ததும் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும், துணியில் உறை தைத்துப் போடும். அசெம்பிள் செய்தவரோ போர்டில் ஜம்பர் என்ற குட்டி இணைப்பை மாற்றி, டிஸ்க்குக்குப் போகும் ஐடிஇ கேபிளை மடித்து, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க எஃப்டிஸ்க் போட்டு, கடைசியில் ஒரு ஒற்றை பீப் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது ரேம்கூடப் பல லேப்டாப்பில் போர்டோடு பற்றவைத்து வருகிறது, திறந்து பார்ப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. இதிலெல்லாம் உண்மை இருக்கலாம். எவ்வளவு என்று அளக்க வழியில்லாததால் நான் இதன்மேல் பாரம் ஏற்ற மாட்டேன். இரண்டு டிஸ்க்கில் எது முதல், எது இரண்டாவது என்று காட்டும் மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பரைத் தப்பாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடுவதில் எந்தச் சுவையும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இன்றும் பரபரப்போடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் என் கணக்கு சரியென்றே தோன்றுகிறது. 2020 கடைசியில் ஆப்பிளின் எம்1 வந்தபோது, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் விசிறியே இல்லாத மேக்புக் ஏரில் வேலை செய்துவிட்டு, சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனதைக் கதை கதையாகச் சொன்னார். அவருக்கு ஒரு ‘முடியாது’ அடிபட்டது. இப்போது வருகிற இளைஞர்கள் கிராஃபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்று மட்டும்தான் கேட்கிறார்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைத் தங்கள் சொந்த மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. 700 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை நன்றாகச் சுருக்கினால் 4 ஜிபி வாக்கில் வரும், சாதாரண கார்டிலேயே ஏறிவிடும். 7000 கோடி என்றால் 35-லிருந்து 40 ஜிபி, வீட்டுக் கார்டு எதிலும் முழுசாக ஏறாது. 2022-ல் வெளியான விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியை வைத்து, தாத்தா பேசிய கேசட்டைத் தமிழ் எழுத்தாக்கிப் பார்த்தான் ஒரு பையன். பாதி தப்பு. ஆனால் மீதி பாதி வந்ததைக் காட்ட, ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தான். 1998-ல் நீங்கள் இருந்த இடத்தில் இப்போது அவன் இருக்கிறான்.

கம்ப்யூட்டர் மட்டும் இல்லாமல், பிடித்த பாட்டு, சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலுமே சில வாரங்களாக மனசு ஒட்டவில்லை என்றால், அதற்குப் பதில் என்னிடம் இல்லை. தயங்காமல் ஒரு டாக்டரிடம் பேசுங்கள். உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மாடித்தோட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரியில் போதுமான உற்சாகம் இருந்தது.

ஒன்றரை லட்சம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய மெஷினில் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாடித்தோட்ட வீடியோக்களை 4கே-யில் எடிட் செய்ய நினைத்துத் திணறியிருந்தால், அதற்கேற்ற ப்ராசஸர், 32 ஜிபி ரேம், ஒரு நல்ல கார்டு என்று கேட்டு வாங்குவதில் அர்த்தம் உண்டு. தாளில் ஒன்றும் விழவில்லை என்றால் எண்பதாயிரம் லேப்டாப்பே உங்களுக்கு அதிகம், அதை மாற்றாதீர்கள். அலமாரியில் இருக்கும் பழையதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறதென்றால் ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். விண்டோஸ் 11 அதை ஏற்காது என்பதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம் போதும். பழைய வைஃபை கார்டு சிலதில் மட்டும் டிரைவர் தகராறு வரும். மாட்டிக்கொண்டால் மாடல் எண்ணை இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.